வாடகை வீடு போதும்... சொந்தமா ஒரு வலைப்பூ!

ஐந்து வருடங்களுக்கு முன் ஃபேஸ்புக்கில் எழுதிய பதிவைத் தேடிப் பார்த்திருக்கிறீர்களா? கண்டுபிடிப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். அதனால்தான் பழைய வலைப்பதிவர்கள் சிலர், மறுபடியும் சொந்தத் தளம் பக்கம் திரும்புகிறார்கள்.

பிளாக்கர் வந்தது 1999-ல். 2003-ல் அதை கூகுள் வாங்கியது. வேர்ட்பிரஸ் பிறந்ததும் அதே ஆண்டுதான். யூனிகோடு கைகொடுக்க, தமிழிலும் வலைப்பூக்கள் பெருகின. அவற்றைத் திரட்டித் தந்தது 'தமிழ்மணம்'. பிறகு சமூக வலைதளங்கள் வர, கூட்டம் அங்கே போய்விட்டது.

ஆனால், அங்கே நாம் வாடகைக்குத்தான் இருக்கிறோம். ஆர்குட் 2014-லும், கூகுள் பிளஸ் 2019-லும் மூடப்பட்டன. எடுத்து வைக்காதவர்களின் எழுத்தும் படங்களும் அதோடு போயின.

திரும்பி வருபவர்களுக்குப் பாடமும் புதிது. அன்று பக்கத்தைப் பிரிக்க 'டேபிள்', எழுத்தை அழகாக்க 'ஃபான்ட் டேக்' என்று மல்லுக்கட்டினார்கள். இன்று உள்ளடக்கத்துக்கு ஹெச்.டி.எம்.எல், தோற்றத்துக்கு சி.எஸ்.எஸ் என வேலை தனித்தனி. 2017-ல் குரோம், ஃபயர்ஃபாக்ஸில் வந்த 'கிரிட்' வசதியால், பக்க அமைப்பு சில வரிகளில் முடிகிறது. 'வியூபோர்ட்' வரியை மட்டும் மறக்கக் கூடாது. அது இல்லாவிட்டால் போனில் எழுத்து எறும்பு சைஸில்தான் தெரியும். கிட்ஹப் பேஜஸில் இலவசமாகவே தளம் வைக்கலாம். சொந்தப் பெயரில் முகவரி வேண்டுமென்றால்தான் ஆண்டுக் கட்டணம்.

உங்களுக்கும் பழைய பிளாக்கர் கணக்கு இருக்கிறதா? பாஸ்வேர்டைத் தேடி எடுங்கள். செட்டிங்ஸில் இருக்கும் 'பேக்கப்' மூலம் பதிவுகளை முதலில் இறக்கி வையுங்கள். புது வீடு கட்டுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்!