கெட்டுப்போன பாட்டுத்தான் வேண்டும்!

உங்கள் வீட்டுப் பரணில் பழைய காஸெட் ஏதாவது கிடக்கிறதா? "அடைசல்" என்று பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். என் கதையைக் கேட்டுவிட்டு, அப்புறம் உங்கள் இஷ்டம்.

பிலிப்ஸ் கம்பெனியார் 1963-ல் ஐரோப்பாவில் வெளியிட்ட சாமான் அது. நம் வீடுகளுக்கு வந்து சேரக் கொஞ்ச காலம் பிடித்தது. அதற்கு முன்னால் கிராமபோன் பிளேட்தான். நிமிஷத்துக்கு 78 சுற்று. பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிஷம். பக்கம் முடிந்ததும் ஊசியை மாற்று, சாவி கொடு என்று பாட்டி எல்லாரையும் விரட்டுவாளாம். பெரிய பெரிய வித்வான்கள்கூட அந்த மூன்று நிமிஷத்துக்குள் கல்யாணியைச் சுருட்டிக் கட்டிவிட வேண்டியதுதான்!

எங்கள் வீட்டுக்கு டேப் ரிகார்டர் 1982-ல் வந்தது. எனக்கு அப்போது ஆறு வயசு. பாட்டு வாங்குவதென்றால் அந்தக் காலத்தில் ஒரு வைபவம். வேண்டிய பாட்டுக்களைத் தாளில் எழுதி, காலி காஸெட்டோடு பதிவுக் கடையில் கொடுத்தால், நாலு நாள் கழித்து வரச் சொல்வார்கள். அது சட்டப்படி சரிதானா என்று கேட்டவர் யாரும் இல்லை. கேட்டிருந்தால் ஊரில் பாதிப் பேர் கோர்ட்டு வாசலில் நின்றிருப்போம்!

அம்மா அந்த ஜாபிதாவை ஒரு வாரம் எழுதினாள். மளிகை ஜாபிதாவைக்கூட அவள் அப்படி அடித்துத் திருத்தி எழுதி நான் பார்த்ததில்லை. மூன்றாவதாக இருந்தது 1961-ல் வந்த 'தேன் நிலவு' படப் பாட்டு, ஏ. எம். ராஜா தாமே மெட்டமைத்துத் தாமே பாடியது.

காஸெட்டின் முதுகில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பல் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அவற்றை உடைத்துவிட்டால் மேற்கொண்டு எதுவும் அதில் பதிவாகாது. கடைக்காரர் உடைக்கவில்லை, எங்களுக்கு அந்த விஷயமே தெரியாது. மூன்றாவது பாட்டு பாடிக்கொண்டிருக்கும்போது நான் சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அழுத்தினேன். பெட்டிக்குள்ளேயே மைக் இருந்தது. ராஜாவின் குரல் நின்று அம்மாவின் குரல் உட்கார்ந்துகொண்டது: "ஐயையோ, அதைத் தொடாதேடி கண்ணு! பால் பொங்கறது, இரு வரேன்!"

பதினொரு விநாடி. அப்புறம் மறுபடி பாட்டு. அருமையாக வாங்கிய பாட்டைக் கெடுத்ததற்காக இரண்டு நாள் எனக்கு அர்ச்சனை நடந்தது.

அம்மா 1999-ல் போய்விட்டாள். படங்கள் இருக்கின்றன. காஸெட் பரணுக்குப் போனது. நானும் மறந்தே போனேன்.

இப்போதெல்லாம் யார் பாட்டு வாங்குகிறார்கள்? மாதச் சந்தா கட்டினால் கோடிக்கணக்கான பாட்டு கைபேசியில் வருகிறது. எல்லாம் வாடகைக் குடித்தனந்தான். உரிமைக்காரரோடு ஒப்பந்தம் முடிந்துவிட்டால், நேற்றுக் கேட்ட பாட்டு இன்று சாம்பல் பூத்து நிற்கும், தொட்டால் பாடாது. போதாக்குறைக்கு இந்த ப்ளூடூத்! நான் சமையலறையில் ரஸம் கொதிக்க விட்டுக்கொண்டு கேட்கிற பாட்டு, திடீரென்று மாடியில் பிள்ளையின் ஒலிபெருக்கியில் போய்ப் பாடுகிறது. கரண்டியும் கையுமாக மாடிப்படி ஏறுகிறேன்.

போன வருஷம் ஒரு நாள் அதே 'தேன் நிலவு' பாட்டு கைபேசியில் வந்தது. துளி இரைச்சல் இல்லை; பிரமாதம். ஆனால் குறிப்பிட்ட ஓர் இடம் வந்ததும் என் காது எதற்கோ காத்திருந்தது. ஒன்றும் வரவில்லை. பாட்டு பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

உடனே பரணில் ஏறச் சொன்னேன். முதல் காரியமாக அந்தப் பற்களை உடைத்தேன். பிறகு பழைய பெட்டியில் போட்டால், ரப்பர் உருளை பிசுபிசுத்துப் போய் நாடாவை உள்ளே இழுத்துச் சுற்றிக்கொண்டுவிட்டது! 60 நிமிஷக் காஸெட்டில் நாடா சுமார் 90 மீட்டர். பதறாமல் மெல்ல விடுவித்து, ஆறு பட்டைப் பென்ஸிலை ஓட்டைக்குள் விட்டுச் சுற்றினேன். என் பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான்.

காஸெட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுக்கும் இளைஞர் ஒருவரிடம் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துச் சிரித்த முகத்துடன் பென் டிரைவை நீட்டினார்.

"மூணாவது பாட்டு நடுவிலே யாரோ பேசிக் கெடுத்திருந்தாங்கம்மா. அதை எடுத்துட்டு, சுத்தமான பாட்டா வேற போட்டிருக்கேன். அதுக்குத் தனியாக் காசு வேண்டாம்."

எனக்கு மூச்சே நின்றுவிட்டது. "காஸெட் எங்கே, தம்பி?"

மேஜை அறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நல்ல வேளை, நாடாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. "எனக்குக் கெட்டுப்போன பாட்டுத்தான் வேண்டும்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும் பேசாமல் மறுபடி ஓடவிட்டுப் பதிவு செய்தார். அந்த இடம் வந்தபோது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர்தான் மெதுவாகக் கேட்டார்: "பால் என்னம்மா ஆச்சு?"

"பொங்கித்தான் போச்சு, தம்பி. இரண்டு நாள் அர்ச்சனையில் அதுவும் சேர்த்திதான்."