வீடு போன பிறகும் நிற்கும் கடன்



"வீட்டையே பேங்க்ல ஏலம் போட்டு எடுத்தாச்சு. இன்னும் ஒண்ணரை லட்சம் கட்டணும்னு நோட்டீஸ் வந்திருக்கு. இது என்ன நியாயம்?" குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா இப்படிக் கேட்டு அழுதார். பீடி சுற்றியும் பாய் முடைந்தும் தவணை கட்டுகிற நம் ஆற்றங்கரை ஊர்ப் பெண்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

ஏன் மிச்சம் நிற்கிறது?

வீடு என்பது கடனுக்கு ஈடு மட்டும்தான். கடன் நம் கையெழுத்தில் இருக்கிறது. உதாரணத்துக்கு, வட்டியோடு பாக்கி 6 லட்சம், வீடு விற்றது 4 லட்சத்து 50 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். ஏலச் செலவு 10 ஆயிரத்தை முதலில் கழிப்பார்கள். மிச்சம் 1 லட்சத்து 60 ஆயிரம் நம் பேரிலேயே நிற்கும். கணவர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் நம்மிடமும் கேட்கலாம். பாக்கியை விட அதிக விலைக்கு விற்றால், கூடுதல் பணத்தை வீட்டுக்காரருக்குத் திருப்பித் தர வேண்டும். அதையும் கேட்டு வாங்குங்கள்.

விற்கும் முன்பே செய்ய வேண்டியது

2002-ம் வருட சர்ஃபாசி சட்டப்படி, வீட்டை எடுக்கும் முன் 60 நாள் நோட்டீஸ் தர வேண்டும். நாம் மறுப்பு எழுதிக் கொடுத்தால் 15 நாளுக்குள் பதில் தர வேண்டும். விவசாய நிலத்தை இந்தச் சட்டத்தின் கீழ் எடுக்க முடியாது.

அந்த நாட்களில் சும்மா இருக்கக் கூடாது. பேங்க் சம்மதத்தோடு நாமே நல்ல விலைக்கு விற்க முயற்சி செய்யலாம். விலை பாக்கிக்குக் காணாவிட்டால், பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன்பே, "இந்தத் தொகையோடு கடன் முழுவதும் தீர்ந்தது, மீதியைக் கேட்க மாட்டோம்" என்று எழுத்தில் வாங்க வேண்டும். மேனேஜர் வாயால் சொன்னது போதாது.

நோட்டீஸ் வந்துவிட்டால்

1. முழுக் கணக்கையும் எழுத்தில் கேளுங்கள். விற்ற விலை வரவு வைக்கப்பட்டதா, விற்ற பிறகு எவ்வளவு வட்டி போட்டார்கள் என்று பாருங்கள்.

2. மிச்சத்துக்காக பேங்க் ஆட்கள் வந்து வீட்டுச் சாமானைத் தூக்க முடியாது. கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். பாக்கி 20 லட்சத்துக்குக் குறைவு என்றால் சிவில் கோர்ட், அதற்கு மேல் கடன் மீட்புத் தீர்ப்பாயம்.

3. சம்மன் வந்தால் கட்டாயம் போங்கள். போகாவிட்டால் நம்மைக் கேட்காமலே தீர்ப்பாகிவிடும்.

4. பயப்படாதீர்கள். பணம் கட்டச் சொன்ன சிவில் தீர்ப்புக்காக ஒரு பெண்ணைக் கைது செய்து சிறையில் வைக்கக் கூடாது. 1908-ம் வருட உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 56-வது பிரிவு இப்படிச் சொல்கிறது. 60-வது பிரிவுப்படி உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, தாலி, கைத்தொழில் கருவி இவற்றை ஜப்தி செய்ய முடியாது. பத்தமடைப் பாய்த் தறியும் கைத்தொழில் கருவிதானே! ஆனால் செக் கொடுத்து அது திரும்பினால் அது வேறு வழக்கு. அதனால் வெற்றுச் செக் கொடுக்காதீர்கள்.

5. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவசமாக வக்கீல் தருவார்கள். போன் எண் 15100. லோக் அதாலத்தில் பேசி, தொகையைக் குறைத்துத் தவணையும் கேட்கலாம். கட்டணம் கிடையாது. ஆனால் அங்கே ஒத்துக்கொண்டால் அப்பீல் இல்லை. கட்ட முடிந்த தொகைக்கு மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள்.

6. கட்டி முடித்ததும் 'பாக்கி இல்லை' சான்று வாங்கிப் பத்திரமாக வையுங்கள். குறைத்துத் தீர்த்த கடன் சிபில் பதிவில் தெரியும். அடுத்த கடன் கிடைப்பது சிரமமாகலாம். இதையும் தெரிந்தே முடிவு செய்யுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது

மிச்சத்தை அடைக்கக் கந்துவட்டிக்கு வாங்காதீர்கள். 2017 அக்டோபரில் நம் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் ஒரு குடும்பமே தீக்குளித்த கொடுமையை நாம் மறக்க முடியாது. பேங்க் பாக்கியைப் பேசித் தீர்க்கக் கோர்ட்டும் சட்டமும் இருக்கிறது. 

நோட்டீஸை மடித்துப் பெட்டியில் வைக்காமல் குழுக் கூட்டத்துக்குக் கொண்டு வாங்க. வெட்கப்பட ஒன்றுமில்லை. சேர்ந்து வாசிப்போம், சேர்ந்து போவோம்.