கடலடியில் ஒரு நீராவிக் கப்பல்

1911-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையிலுள்ள மக்கே துறைமுகத்திலிருந்து 'யோங்கலா' என்னும் நீராவிக் கப்பல் டவுன்ஸ்வில் நகரை நோக்கிப் புறப்பட்டது. அதில் இருந்தோர் 122 பேர். கப்பல் சென்ற சற்று நேரத்திற்கெல்லாம் புயல் எச்சரிக்கைத் தந்தி கரைக்கு வந்து சேர்ந்தது. அதைக் கப்பலுக்கு எப்படி அறிவிப்பது? யோங்கலாவில் கம்பியில்லாத் தந்திக் கருவி இல்லை. அதற்கென அனுப்பப்பட்ட கருவி இங்கிலாந்திலிருந்து வந்துகொண்டிருந்தது! கப்பல் ஊர் போய்ச் சேரவில்லை, ஒருவரும் பிழைக்கவில்லை.

கப்பல் எங்கே மூழ்கியது என்பது பல ஆண்டுகள் புதிராகவே இருந்தது. 1958-இல் மூழ்குநர்கள் கடலடியிலிருந்து ஓர் இரும்புப் பணப்பெட்டியை மேலே கொணர்ந்தனர். உள்ளே பணமில்லை, சேறுதான் இருந்தது. ஆயினும் பெட்டியில் பொறித்திருந்த எண்ணைக் கொண்டு, அது யோங்கலாவின் பெட்டியே என்று உறுதி செய்தனர்.

109 மீட்டர் நீளமுள்ள அக்கப்பல், சுமார் 30 மீட்டர் ஆழத்தில் ஒருபுறம் சாய்ந்து கிடக்கிறது. இன்று உலகெங்கிலுமிருந்து மூழ்குநர்கள் அதைக் காண வருகின்றனர். அவ்வளவு ஆழத்தில் அவர்கள் எவ்வாறு மூச்சு விடுகின்றனர்?

நான்கு மடங்கு அழுத்தம்

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. மேற்பரப்பில் 1 வளிமண்டலம் என்றால் 30 மீட்டரில் 4. சூழ்ந்துள்ள நீரின் அழுத்தத்திற்குச் சமமான அழுத்தத்தில் காற்று கிடைத்தால்தான் நுரையீரல் எளிதாக விரியும். மூழ்குநர் மூச்சை இழுக்கும்போது மட்டும், அந்த அழுத்தத்தில் காற்றைத் தரும் கருவியை 1943-இல் பிரான்சில் ஜாக் கூஸ்டோ, எமில் கான்யான் என்னும் இருவர் உருவாக்கினர்.

ஆனால் ஆழத்தில் காற்று விரைவில் தீர்ந்துபோகும். 12 லிட்டர் உருளையில் 200 வளிமண்டல அழுத்தத்தில் அடைத்த காற்று, மேற்பரப்பில் 2,400 லிட்டர் இடத்தை நிரப்பும். நிமிடத்திற்கு 20 லிட்டர் வீதம் சுவாசித்தால் 2 மணி நேரம் வரும். 30 மீட்டர் ஆழத்திலோ அரை மணிதான்! மேலேறுவதற்கு வேண்டிய காற்றையும் இதிலேயே மிச்சம் வைக்கவேண்டும்.

மேலேறுவதில்தான் ஆபத்து

30 மீட்டர் ஆழத்தில் நுரையீரலிலுள்ள 5 லிட்டர் காற்று, மேற்பரப்பில் 20 லிட்டராக விரியும். எனவே மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரல் கிழியும். 'மூச்சை ஒருபோதும் அடக்காதே' என்பதே மூழ்குநரின் முதற்பாடம்.

இரண்டாவது ஆபத்து நைட்ரஜன். காற்றில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கான இவ்வாயு, மிகுந்த அழுத்தத்தில் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. சோடாப் புட்டியைத் திறந்ததும் குமிழ்கள் பொங்குகின்றன அல்லவா? மூழ்குநர் விரைந்து மேலேறினால் உடலுக்குள்ளும் இவ்வாறே குமிழ்கள் தோன்றலாம். மூட்டுவலி, பக்கவாதம், மரணம்கூட நேரலாம். ஆகவே நிமிடத்திற்குச் சுமார் 9 மீட்டருக்கு மேற்படாமல் ஏறி, 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் தங்கி, பிறகே வெளிவருகின்றனர்.

மீன்களின் மாளிகை

யோங்கலாவைச் சுற்றிலும் வெறும் மணற்பரப்பு. பவளமும் கடற்பஞ்சும் ஒட்டிக்கொள்ள உறுதியான தளம் வேண்டும். கப்பலின் எஃகு உடலே அவற்றிற்குத் தளமாயிற்று. அவற்றை நாடிச் சிறு மீன்கள் வந்தன. சிறு மீன்களை நாடிப் பாரைகளும் பெரிய களவா மீன்களும் வந்தன. ஆமை, திருக்கை, கடற்பாம்பு ஆகியவற்றையும் அங்கே காணலாம்.

எனினும் கப்பலுக்குள் நுழைய எவருக்கும் அனுமதி இல்லை. அது 122 பேரின் கல்லறை என்பது ஒரு காரணம். மற்றொன்று வேதியியல் காரணம். மூழ்குநர் விடும் மூச்சுக் காற்று உட்கூரையில் தேங்கினால், அதிலுள்ள ஆக்சிஜன் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கடல் காத்துவந்த கப்பலை, காணச் சென்றவரின் மூச்சே அரித்துவிடக்கூடும். எனவேதான் வெளியே நின்று பார்த்துத் திரும்பவேண்டும் என்று விதி வகுத்துள்ளனர்.