கிற்றார் இசையும் பாயிரத்து 'வழி'யும்

நன்னூற் பாயிரவியலை மாணவர்க்கு உரைத்துக்கொண்டிருந்த ஒரு நாள், சிறப்புப் பாயிரம் உணர்த்தும் எட்டினுள் ஆக்கியோன் பெயரை அடுத்து 'வழி' வைக்கப்பட்டமைக்குக் காரணம் யாதென வினவினேன். ஒரு நூல் எந்நூலின் வழியாக வந்தது என்பதை, அதனை ஆக்கியோன் பெயரோடு ஒட்டியே அறிவித்தல் வேண்டும் என்பது நம் முன்னோர் கொள்கை. பின்வரிசையிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, இந்த விதி பாட்டுக்கும் பொருந்துமோ?" என்றான். அவன் மாலை வேளைகளிற் கிற்றார் வாசிப்பவன் என்பதும், எரிக் கிளப்ரன் பெரியவரோ ஜிமி ஹென்றிக்ஸ் பெரியவரோ என்று அவனும் தோழரும் ஓயாது வழக்காடுவர் என்பதும் பின்னரே தெரிந்தன. அவ்விருவரையும் யான் பெயரளவில் மாத்திரம் அறிந்திருந்தேன். றொக் இசை என்றாற் செவியைப் பொத்திக்கொள்ளும் கூட்டத்தைச் சேர்ந்தவன் யான். ஆயினும் வினா நல்ல வினா. அவன் எழுதித் தந்த பட்டியலை வைத்துக்கொண்டு, அவனே இரவல் தந்த ஹெட்போனைச் செவியிற் பொருத்தி, நான்கு மாதம் இரவு தோறும் கேட்டேன். வீட்டார் நகைத்தனர்.

முதற்கண் இவ்விசையின் யாப்பினை ஒருவாறு அறிதல் வேண்டும். றொக் கிற்றாருக்குத் தாயாய் நிற்பது புளூஸ் என்னும் பாட்டு. அஃது அமெரிக்கத் தென்மாநிலங்களிற் பருத்தி வயல்களில் உழைத்த கறுப்பின மக்களிடையே பிறந்தது. பெரும்பான்மையும் பன்னிரண்டு தாளக் கட்டுகளில் ஒரு கண்ணி முடியும். முதலடியே இரண்டாமடியாக மீண்டும் வரும். மூன்றாமடி அதற்கு விடைபோல அமையும். பாடுவோன் அடியை முடித்து மூச்சு வாங்கும் இடைவெளியிற் கிற்றார் பேசும். அந்தச் சிறு இடைவெளியே பிற்காலத்துக் கிற்றார் வல்லுநர்க்கெல்லாம் விளைநிலமாயிற்று.

இம்மரபினருள் றொபேட் ஜோன்சன் பெயரே யாவராலும் முன்வைக்கப்படுகின்றது. 1911இல் மிசிசிப்பியிற் பிறந்த இவர், 1936இலும் 1937இலும் ரெக்சாஸ் மாநிலத்தில் இருமுறை ஒலிப்பதிவுக்கு இருந்து, 29 பாட்டுகளை விட்டு, 1938 ஓகஸ்டில் 27ஆம் வயதில் இறந்தார். நடையை ஒரு விரலும் மெட்டைப் பிற விரல்களுமாக, இருவர் கூடி வாசிப்பது போல ஒருவரே வாசிப்பார். சிலபோது, நமது கோட்டுவாத்தியக்காரர் தந்தியின் மேல் மரத்துண்டை வழுக்குவது போல, விரலிற் குழலொன்றை மாட்டித் தந்தியில் வழுக்கி அழவைப்பார்.

இளமையில் அவருக்கு வாசிக்கவே தெரியாதென்றும், சிலகாலம் ஊரைவிட்டு மறைந்து மீண்டபோது மூத்த கலைஞர் சன் ஹவுஸ் முதலியோர் வியக்கும் வண்ணம் வாசித்தாரென்றும் கூறுவர். நடுவில் நிகழ்ந்தது யாது? நள்ளிரவில் நாற்சந்தியிற் பேய்க்கு ஆன்மாவை விற்றார் என்பது கதை. தாம்பூலம் உண்டு காளமேகம் கவியானார் என்று நாம் சொல்லவில்லையா? அதுபோல ஒன்று. ஆனால் ஆராய்ந்தோர் கண்ட செய்தி வேறு. ஐக் சிமர்மன் என்னும் ஓர் ஆசிரியரிடம் ஜோன்சன் இருந்து பயின்றார். பயிற்சிக்கு இருவரும் இரவில் இடுகாட்டுக்குப் போவர். குருவின் இடத்திற் பேயை வைத்துவிட்டது உலகம். ஆசிரியத் தொழிலில் முப்பதாண்டு கழித்த எனக்கு இச்செய்தி சற்றே உறைத்தது.

ஜோன்சன்தாமும் முதனூல் அல்லர். அவருடைய பாட்டொன்று ஸ்கிப் ஜேம்ஸ் என்பாரின் பாட்டொன்றை ஒட்டி எண்ணை மாத்திரம் மாற்றி அமைந்தது. மற்றொன்று கொகோமோ ஆனல்ட் பாடியதன் மறுவடிவம். ஏட்டில் எழுதாது நாவிலும் விரலிலும் வழங்கிய கலை அது. பொதுக்கிணற்றில் யாவரும் அள்ளினர். கிணற்றுக்கு வேலி கட்டி, இது என்னுடையது என்று பலகை நாட்டுவோன் வரும்போதே வழக்குத் தோன்றுகின்றது.

மிசிசிப்பித் தோட்டமொன்றில் 1941இல் அலன் லோமக்ஸ் என்னும் நாட்டார் பாடல் ஆய்வாளர் பதிவு செய்த உழவர் ஒருவர், 1943இற் சிக்காகோ நகருக்குக் குடிபெயர்ந்தார். அவரே மடி வோட்டர்ஸ். நகரத்து மதுச்சாலைகளின் இரைச்சலில் மரக்கிற்றார் எடுபடவில்லை, மின்கிற்றாரைக் கையிலெடுத்தார். கலைநோக்கினாலன்று, கேட்கவேண்டும் என்னும் தேவையினாலே இம்மாற்றம் நேர்ந்தது என்க. இன்னொருபால், பி. பி. கிங் என்பார் குழல் வழுக்கும் வித்தை தமக்குக் கைவராமையால், இடக்கை விரலைத் தந்தியின் மேல் நடுங்கச் செய்து அவ்வொலியை ஈடுசெய்ய முயன்றார். வராத வித்தைக்கு மாற்றாகப் பிறந்த அந்நடுக்கமே அவர் முத்திரையாயிற்று. வீணையிலே தந்தியை இழுத்துக் கமகம் காட்டக் கேட்டுப் பழகிய செவிக்கு இவருடைய வாசிப்பு அந்நியமன்று. ஒரு சுரத்தை வைத்துக்கொண்டு உயிரை வாங்கிவிடுவார்.

இனி மாணவனின் வழக்குக்கு வருவோம்.

எரிக் கிளப்ரன் 1945இல் இங்கிலாந்தின் சரே பகுதியிற் பிறந்து பாட்டன் பாட்டியால் வளர்க்கப்பட்டவர். ஜோன்சனின் பாட்டுகளைக் கொலம்பியா நிறுவனம் 1961இல் நீள்தட்டாக வெளியிட, கடல்கடந்த அத்தட்டு இவர் போன்ற ஆங்கில இளைஞர் பலர்க்கு வேதமாயிற்று. தாம் இருந்த யாட்பேட்ஸ் குழு புளூஸை விட்டு வெகுசனப் பாட்டுக்குச் சாய்ந்தமை பொறாது 1965இல் விலகினார். 1966இல் ஜோன் மேயோல் குழுவோடு வெளியிட்ட தட்டில் இவர் எழுப்பிய தடித்த, நீண்டு நின்று ஒலிக்கும் நாதம் அக்காலத்துக்குப் புதிது. அக்கிற்றார் வகையைத் தேர்ந்தமைக்கும் காரணம், பிறெடி கிங்கின் தட்டு உறையில் அவர் கையில் அதனைக் கண்டமையே. அத்தட்டிலேயே பிறெடி கிங்கின் உருப்படியொன்றும் ஜோன்சனின் பாட்டொன்றும் உள. பின்னர்க் கிரீம் குழுவிலிருந்து ஜோன்சனின் நாற்சந்திப் பாட்டை 1968இல் மேடையில் இவர் வாசித்ததைப் பலமுறை கேட்டேன். மூலத்தில் தனித்து நடுங்கிய பாட்டு, இவர் கையிற் குதிரைப் பாய்ச்சலாய் ஓடுகின்றது. தட்டில் ஜோன்சன் பெயர் இடப்பட்டுள்ளது. முன்னோர் முடிபை ஏற்று, பின்னோன் வேண்டிய வேறுபாட்டையும் காட்டுவதே வழிநூல் எனின், இஃது அதற்கு நேரான இலக்கியம்.

ஜிமி ஹென்றிக்ஸ் 1942இற் சியாற்றில் நகரிற் பிறந்தார். மடி வோட்டர்ஸின் இசையைச் சிறுவனாய்க் கேட்டு அஞ்சியதாக அவரே சொல்லியுள்ளார். இடக்கையர், வலக்கையர்க்கான கிற்றாரைத் தலைகீழாய்த் திருப்பித் தந்திகளை மாற்றிக் கட்டி வாசித்தவர். வான்குடைப் படையிற் சிலகாலம் இருந்து, பின்பு லிற்றில் றிச்சட், ஐஸ்லி சகோதரர் முதலியோர்க்குப் பக்கவாத்தியம் வாசித்து அலைந்தார். அவர் மென்மையாகத் தொடும் பாட்டுகளிலே கேர்ற்றிஸ் மேபீல்டின் நிழல் தெரியும். தலைக்குப் பின்னே கிற்றாரை வைத்து வாசித்த வேடிக்கையும் அவர் கண்டதன்று. ரீ-போன் வோக்கர் செய்தது. அவர்க்கும் முன்னே சாலி பற்றன் செய்தது. ஆயின் எல்லாவற்றையும் வாங்கியவர் எங்கும் இல்லாத ஒன்றைத் திருப்பித் தந்தார். கூட்டங்களில் ஒலிவாங்கி ஊளையிடும்போது காதைப் பொத்துகின்றோமே, அந்தக் குற்றத்தையே அவர் எடுத்தாண்டார். பெருக்கியின் ஒலி தந்தியை அதிர்விக்க, தந்தியின் அதிர்வு மீண்டும் பெருக்கிக்குச் செல்ல, எழும் ஊளையைச் சுரமாக்கி வளைத்தார். 1969 ஓகஸ்ட் 18ஆம் நாட் காலை, வூட்ஸ்ரொக் விழாவில் அமெரிக்க நாட்டுப்பண்ணை அவர் வாசித்ததிலே குண்டு விழும் ஓசையும் ஓலமும் கேட்கும். வியற்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம். வாசித்தவரோ முன்னாட் படைவீரர். சொல் ஒன்றுமில்லை. அதனைக் கேட்ட இரவு யான் உறங்க நேரமாயிற்று.

இருவரும் எதிர்ப்பட்ட நாள் ஒன்றுண்டு. 1966 ஒக்ரோபர் 1ஆம் நாள், இலண்டன் றீஜன்ற் வீதித் தொழிற்கல்லூரியிற் கிரீம் குழு வாசித்துக்கொண்டிருந்தபோது, அந்நாட்டுக்கு வந்து ஒரு கிழமையே ஆன ஹென்றிக்ஸ் மேடையேற இசைவு கேட்டார். ஹவ்லின் வுல்ப் பாடிய பாட்டொன்றை அவர் தொடங்கியதும், கிளப்ரன் கையைத் தந்தியினின்றும் எடுத்து மேடையை விட்டு இறங்கினார். புலமைக் காய்ச்சல் அங்கே பகையாக முற்றவில்லை, இருவரும் நண்பராயினர். 1970 செப்ரெம்பர் 18இல் ஹென்றிக்ஸ் 27ஆம் வயதில் இறந்தபோது, அவருக்குக் கொடுக்கவென இடக்கைக் கிற்றாரொன்றைத் தாம் வாங்கி வைத்திருந்ததாகக் கிளப்ரன் பின்னர்க் கூறினார்.

யார் பெரியவர் எனின், ஹென்றிக்ஸ் என்றே சொல்வேன். ஒருசார் முன்னோரை ஒத்து, ஒருசார் முற்றும் வேறாகும் சார்புநூல் அவர். ஆயினும் உரையாசிரியர் மரபில் வளர்ந்த எனக்கு, மூலத்தைக் கைவிடாது விளக்கிச் செல்லும் கிளப்ரனின் இளமைக்கால வாசிப்பிலேயே மனம் தங்குகின்றது. அதனாலேயே மற்றொரு செய்தி அதிகம் நோகச் செய்தது. 1976 ஓகஸ்டிற் பேமிங்ஹாம் மேடையில், மதுமயக்கத்தில், குடியேறிய கறுப்பின மக்களை நாட்டினின்றும் அகற்ற வேண்டும் என்று அவர் இழிசொல் பேசினார். அதனை எதிர்த்தே இனவாதத்துக்கு எதிரான றொக் என்னும் இயக்கம் அவ்வாண்டு அங்கே எழுந்தது. பின்னாளில் நாணுவதாகச் சொன்னார். தட்டில் ஜோன்சன் பெயரை எழுதிய கை. ஜோன்சனின் இனத்தாரை ஏசிய வாய். இரண்டும் ஒருவருடையன.

வழி கூறாமையின் கதை வேறு. 1962இல் மடி வோட்டர்ஸ் பாடிய பாட்டொன்றை இயற்றியவர் சிக்காகோவின் வில்லி டிக்சன். 1969இல் லெட் செப்பலின் குழுவின் புகழ்பெற்ற பாட்டொன்றில் அச்சொற்கள் பல வந்தன. டிக்சன் பெயர் வரவில்லை. கிற்றாரிலே ஜிமி பேஜ் அமைத்த அடி அவருடையதே, அதனை மறுத்தல் நேர்மையன்று, கடன் சொல்லிலேதான். டிக்சன் 1985இல் வழக்குத் தொடுத்தார். 1987இல் நீதிமன்றுக்கு வெளியே இணக்கம் ஏற்பட்டது. பின்னைய பதிப்புகளில் அவர் பெயரும் இடம்பெற்றது. இதற்கு நேர்மாறாக, ஸ்கிப் ஜேம்ஸின் பாட்டொன்றைக் கிரீம் குழு 1966இல் அவர் பெயரோடு வெளியிட, நோயுற்று வறுமையிலிருந்த அம்முதியவர்க்கு இறுதிக்காலத்தில் உரிமைப்பணம் கிடைத்தது.

இதனை எழுதும்போது என் ஆசிரியர் ஒருவர் நினைவு வருகின்றது. அவர் பல்லாண்டு சேர்த்த யாப்பிலக்கணக் குறிப்புகளை வேறொருவர் தம் பெயரில் அச்சிட்டார். ஆசிரியர் அந்நூலை விலைகொடுத்து வாங்கி, அச்சுப்பிழைகளைச் சிவப்பு மையினாற் திருத்தி, எங்கள் வகுப்பிலே தந்தார். "படியுங்கோ பிள்ளைகள், விஷயம் சரிதானே" என்றார். அப்பெருந்தன்மை எனக்கு இன்றும் வாய்க்கவில்லை.

பட்டியலில் மாணவன் எழுதாத பெயரொன்றையும் தேடலிற் கண்டேன். சிஸ்ரர் றொசெற்றா தார்ப் என்னும் அம்மையார், தேவாலயப் பாட்டை மின்கிற்றாரோடு பாடி, றொக் என்னும் பெயர் பரவுமுன்னரே அவ்வோசையை எழுப்பியவர். 1964இல் மான்செஸ்ரரிற் கைவிடப்பட்ட புகையிரத நிலையமொன்றிலே, மழை ஓய்ந்த மேடையில், மேலங்கியோடு நின்று அவர் வாசித்ததைத் தொலைக்காட்சிப் பதிவிற் காணலாம். 1973இல் மறைந்த அவர் கல்லறையிற் பெயர்க்கல் நாட்ட முப்பது ஆண்டுகளுக்கு மேலாயின.

மறு கிழமை மாணவனைக் கண்டு இவையெல்லாம் கூறினேன். அவன் சக் பெரியைப் பற்றிக் கேட்டான். 1958இல் பெரி வெளியிட்ட 'ஜொனி பி. கூட்' என்னும் பாட்டு, 1977இல் ஏவப்பட்ட வொயேஜர் விண்கலங்களின் பொற்றட்டிற் பொறிக்கப்பட்டு இன்றும் விண்வெளியிற் சென்றுகொண்டிருக்கின்றது. அதன் தொடக்கத்தில் வரும் கிற்றார் அடி, 1946இல் லூயிஸ் ஜோர்டன் குழுவின் பாட்டொன்றிற் கார்ல் ஹோகன் வாசித்தது. பெரி அதனை மறைத்ததில்லை, தாமே சொன்னார். ஹோகன் பெயரை மாணவன் அதற்கு முன் கேட்டதில்லை. கொப்பியைத் திறந்து, பாயிரவியற் குறிப்பின் கீழேயே எழுதிக்கொண்டான்.