கருவாடு போகும், தயிர் போகாது

மட்டக்களப்புப் பக்கத்து மண்டூர்ப் பிள்ளை ஒருத்தி மிருக வைத்தியம் படிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். இலங்கையில் அந்தப் படிப்புக்கு இருப்பது பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பீடம் ஒன்றுதான். அங்கிருந்து சில வாரம் ஜேர்மனிக்குப் போய்ப் படித்து வர அவளுக்கு வாய்ப்பு வருகிறது. வீடு சும்மா இருக்குமா? அம்மம்மா நெய் உருக்கிப் போத்தலில் ஊற்றுகிறார். பெரியம்மா குருமண்வெளியிலிருந்து பாதைப் படகேறி வாவியைக் கடந்து வந்து றால் கருவாட்டுப் பொதி ஒன்றைக் கொடுக்கிறார். எருமைத் தயிர் ஒரு சட்டி கட்டிவிடுவோமா என்று மாமா கேட்கிறார்.

கருவாடு போகலாம். இலங்கையிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போகும் பயணி மீன், றால் வகைகளைத் தன் பாவனைக்கென்று 20 கிலோ வரை கொண்டுபோகலாம். இறைச்சி, பால், தயிர், நெய் எதுவும் போக முடியாது. விமான நிலையத்தில் கண்டால் வாங்கி அழித்துவிடுவார்கள். பெட்டி முழுவதையும் மணக்கவைக்கும் கருவாட்டுக்கு வழி விட்டு, நல்ல நெய்யை மறிப்பது என்ன நியாயம் என்று அம்மம்மா கேட்பார். நியாயம் இருக்கிறது பிள்ளைகளே. அதன் பெயர் கால்-வாய் நோய்: இறைச்சியோடும் பாலோடும் பயணம் போகக்கூடிய நோய். தமிழ்நாட்டில் கோமாரி என்பார்கள்.

மாடு, எருமை, ஆடு, பன்றி என்று குளம்பு பிளந்த பிராணிகளுக்கு வரும் நோய் இது. நாக்கிலும் உதட்டின் உட்புறத்திலும் குளம்பு இடுக்கிலும் கொப்புளம் போடும். வாயில் நுரை தள்ளும், மாடு நொண்டும், தின்னாது, பால் இறங்கிப் போகும். வளர்ந்த மாடு பெரும்பாலும் பிழைத்துவிடும். கன்று பிழைப்பது கடினம், ஏனென்றால் வைரஸ் அதன் இதயத்தைத் தாக்கும். குதிரைக்கு இந்நோய் வராது. மீனுக்கும் வராது, கருவாடு தப்பியது அதனால்தான். மனிதருக்கு வருவது மிக மிக அரிது. பாலர் பாடசாலைப் பிள்ளைகளுக்கு வரும் கை-கால்-வாய் நோய் வேறு. அது இந்த வைரஸின் சொந்தக்காரர் ஒருவருடைய வேலை, மாட்டிலிருந்து தொற்றுவதல்ல.

இந்த நோய் ஜேர்மனியிலேயே எருமைகளைப் பிடித்தது. எருமை ஜேர்மனியில் ஏது என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஈரப் புல்வெளிகளை மேய்ந்து பராமரிக்க அங்கே நீரெருமை வளர்ப்போர் உண்டு. பேர்லின் நகரத்து ஓரத்தில் ஹோனோ என்ற ஊரில் அப்படி ஒரு பட்டி, 14 எருமைகள். 2025 ஜனவரி 10 அன்று அவற்றுக்குக் கால்-வாய் நோய் என்று உறுதியானது. மூன்று செத்துவிட்டன, மிச்சம் பதினொன்றையும் கொன்றார்கள். 1988 இற்குப் பிறகு அந்த நாடு காணாத நோய். பேர்லினின் இரண்டு மிருகக்காட்சிச் சாலைகளையும் சில நாள் பூட்டினார்கள். பிரித்தானியா ஜேர்மனியிலிருந்து மாடு, பன்றி, ஆடு வாங்குவதை உடனே நிறுத்தியது. தென் கொரியா பன்றி இறைச்சியை மறித்தது. பதினாலு எருமைக்கு இவ்வளவு அமளி! எங்கள் படுவான்கரையில் ஒரு போடியார் பட்டியில் இதைவிட அதிகம் நிற்கும்.

அந்த எருமைகளின் மாதிரிகளைச் சோதித்து நோயை உறுதி செய்த நிறுவனத்தின் தலைமையகம் ஒரு தீவில் இருக்கிறது. எங்கள் மாணவியை நான் அங்கேதான் அனுப்புவேன். பால்டிக் கடலோரத்தில், கிறைவ்ஸ்வால்ட் நகருக்குப் பக்கத்தில், றீம்ஸ் என்றொரு குட்டித் தீவு. நீளம் ஒன்றே கால் கிலோமீற்றர் அளவு. சுற்றியிருப்பதும் ஆழமில்லாத உவர் நீர்தான், மட்டக்களப்பு வாவியைப் போல. ஒரு காலத்தில் கம்பி வடத்தில் தொங்கும் பெட்டியில் அங்கே போய்வந்தார்கள், இப்போது அணைபோட்ட பாதை உண்டு. நிறுவனத்தின் பெயர் பிறீட்றிக் லொஃப்லர் நிறுவகம்.

லொஃப்லர் யார்? தொண்டைக்கரப்பான் நோயின் பற்றீரியாவை 1884 இல் ஆராய்ந்து காட்டியவர். இந்த மாட்டு நோய்க்கும் அப்படி ஒரு பற்றீரியா இருக்கும், அதையும் கண்டுபிடித்துத் தாருங்கள் என்று அரசாங்கம் அவரையும் பவுல் பிறொஷ் என்பவரையும் 1897 இல் கேட்டது. இருவரும் நோயுற்ற மாட்டின் கொப்புள நீரை எடுத்து, தண்ணீர் விட்டு நன்றாக ஐதாக்கி, ஒரு வடிகட்டியால் வடித்தார்கள்.

அந்த வடிகட்டி சாதாரணமானதல்ல. டயற்றம் என்ற நுண்ணிய பாசிகள் நீரில் வாழ்கின்றன, எங்கள் வாவியிலும் கோடிக்கணக்கில் உண்டு. அவற்றின் உடலைச் சுற்றிக் கண்ணாடி போன்ற சிலிக்கா ஓடு. அவை செத்ததும் ஓடுகள் அடியில் படிந்து, ஆயிரமாயிரம் ஆண்டில் வெள்ளை மண்ணாகும். அந்த மண்ணைச் சுட்டுச் செய்த குழாய்தான் வடிகட்டி. அதன் துளைகளுக்குள்ளால் பற்றீரியா போக முடியாது. உண்மையில் போகவில்லையா என்று பார்க்க, அவர்கள் மிகச் சிறிய பற்றீரியா ஒன்றை வேண்டுமென்றே கொப்புள நீரில் கலந்தார்கள். வடிந்த நீரில் அது இல்லை. வடிகட்டி சரி.

அந்தச் சுத்தமான நீரைக் கன்றுகளுக்கு ஊசியால் ஏற்றினார்கள். கன்றுகளுக்கு நோய் வந்தது.

பெரிய கண் வலையில் மீன் நிற்கும், கூனி நழுவிவிடும். இங்கே நழுவியது என்ன? ஒருவேளை அது உயிரல்ல, வெறும் நஞ்சாக இருக்கலாம், நஞ்சு எந்த வடிகட்டியிலும் வடியும் என்று அவர்களே தங்களை மறுத்துப் பார்த்தார்கள். இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு கன்றிலிருந்து எடுத்து அடுத்த கன்றுக்கு, அதிலிருந்து அதற்கடுத்ததற்கு என்று ஏற்றினார்கள். நஞ்சென்றால் ஒவ்வொரு கன்றின் உடலிலும் கலந்து கலந்து வலு குறைந்து போக வேண்டும். குறையவில்லை. கடைசிக் கன்றும் முதற் கன்றைப் போலவே படுத்தது. அப்படியென்றால் அந்தப் பொருள் கன்றின் உடலுக்குள் பெருகுகிறது! 1898 இல் இதை எழுதினார்கள். பிராணி ஒன்றில் நோய் தரும் வைரஸ் இருப்பதை உலகம் அறிந்தது அப்போதுதான். அதைக் கண்ணால் பார்க்க இலத்திரன் நுணுக்குக்காட்டி வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விட்டம் ஏறத்தாழ 30 நானோமீற்றர்; ஒரு மில்லிமீற்றருக்குள் முப்பதாயிரத்துக்கு மேல் வரிசையாக நிற்கும்.

பிறகு லொஃப்லர் கிறைவ்ஸ்வால்டில் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். சுற்றியிருந்த பண்ணைகளில் நோய் பரவியதால் வேலையை நிறுத்தச் சொன்னார்கள். தண்ணீர் சூழ்ந்த இடம் தேடிப் போய் 1910 இல் றீம்ஸ் தீவில் தொடங்கினார். தண்ணீர் மட்டும் போதாது என்பது பின்னால் தெரிந்தது. 1981 இல் பிரான்ஸ் கரையிலிருந்து காற்றோடு இந்த வைரஸ் 250 கிலோமீற்றர் கடலைக் கடந்து இங்கிலாந்தின் வைற் தீவு மாடுகளைப் பிடித்தது. ஆகவே இன்று இத்தகைய ஆய்வுகூடங்களில் காற்று உள்ளே போகும், வெளியே வரும்போது வடிகட்டப்படும். மனிதரும் அப்படித்தான்: உடுப்பை விட்டுவிட்டுக் குளித்துத்தான் வெளியே வரலாம். வந்த பிறகும் சில நாளுக்கு மாட்டுப் பக்கம் போகக் கூடாது.

எல்லாம் தெரிந்தும் ஏன் ஒழிக்க முடியவில்லை? வேறொரு மாட்டு நோயை ஒழித்திருக்கிறோமே. வெக்கை நோய் 1987 இல், இங்கே வந்திருந்த இந்தியப் படைக்கு உணவாகக் கொண்டுவந்த ஆடுகளோடு இலங்கைக்குள் திரும்பி வந்தது. 1994 இற்குப் பிறகு இங்கே அதைக் காணவில்லை. 2011 இல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள். அந்த வைரஸில் ஒரே வகை, ஒரு தடுப்பூசி போட்டால் நெடுங்காலம் காக்கும். கால்-வாய் நோய் வைரஸிலோ ஏழு வகை. ஒரு வகைக்குப் போட்ட ஊசி மற்றதைத் தடுக்காது. போட்ட ஊசியும் சில மாதத்தில் வலு குறையும், திரும்பப் போட வேண்டும். வயல் விதைத்ததும் மாடுகளை ஊரைவிட்டு மேய்ச்சல் தரைக்கு ஓட்டிப் போகும் எங்கள் பக்கத்தில், பல பட்டிகள் ஒரே புல்லில் வாய் வைக்கும், ஒரே குளத்தில் இறங்கும். ஊசி போட வரும் மிருக வைத்தியர் அவற்றைத் தேடிக் காட்டோரம் போக வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நோய் மாறி, நன்றாக மேய்ந்துகொண்டு நிற்கும் மாட்டின், எருமையின் தொண்டைக்குள் வைரஸ் மாதக்கணக்காக ஒளிந்திருக்கும். வெளியே எந்த அடையாளமும் இராது. கண்டுபிடிக்க ஒரு கருவி உண்டு: நீண்ட உலோகக் கம்பி, நுனியில் சின்னக் கிண்ணம். அதை வாயால் விட்டுத் தொண்டைவரை இறக்கி, அங்குள்ள சளியைச் சுரண்டி எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். எங்கள் மாணவி இதைப் பழகத்தான் வேண்டும். புத்தகத்தில் ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும் வேலை. எருமைக்கு அந்தப் பக்கத்தை யாரும் வாசித்துக் காட்டவில்லை; ஆகவே தலையைப் பிடிக்க நல்ல கைகாரர் இரண்டு பேர் வேண்டும், அவள் தன் கால் எங்கே நிற்கிறது என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.