ஜப்பானிய மொழி: மாணவர் தேங்குவது எங்கே?

ஜப்பானிய மொழி வகுப்பில் சேரும் கல்லூரி மாணவருக்கு முதல் சில மாதங்கள் உற்சாகமாகப் போகும். ஹிரகானா என்ற எழுத்து வரிசையில் அடிப்படை எழுத்து 46, கடகானா என்ற மற்றொரு வரிசையிலும் 46. இரண்டும் சில வாரங்களில் கைக்கு வந்துவிடும். தமிழ் மாணவருக்குக் கூடுதல் வசதியும் உண்டு. ஜப்பானிய வாக்கியத்திலும் வினைச்சொல் கடைசியில்தான் வருகிறது. வேற்றுமை உருபு போன்ற ஒட்டுகள் பெயருக்குப் பின்னால்தான் சேர்கின்றன. 'நேற்று வாங்கிய புத்தகம்' என்பதை வரிசை மாறாமல் அப்படியே ஜப்பானிய மொழியில் சொல்லிவிடலாம். 'ஒபஸன்' என்றால் அத்தை, 'ஒபாஸன்' என்றால் பாட்டி. குறில், நெடில் கேட்டு வளர்ந்த காதுக்கு இந்த வேறுபாடு சிரமமே இல்லை.

ஜே.எல்.பி.டி. எனப்படும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் ஐந்து நிலைகள் உண்டு. தொடக்க நிலையான என்5, அடுத்த என்4 இரண்டையும் தாண்டும் வரை வேகம் குறையாது. என்3 பக்கம் வரும்போதுதான் புலம்பல் ஆரம்பமாகும்: "எவ்வளவு படிச்சாலும் அதே இடத்துலதான் நிக்கிறேன்."

உண்மையிலேயே நிற்கிறாரா? மொழியியலும் மூளை அறிவியலும் வேறு கதை சொல்கின்றன.

சொற்களின் கணக்கு

எந்த மொழியிலும் சில சொற்களே திரும்பத் திரும்ப வரும். மற்றவை எப்போதாவதுதான் தலைகாட்டும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஸிப்ஃப் 1930களில் இதை விதியாகவே விளக்கினார். அதிகம் வரும் சொல்லோடு ஒப்பிட்டால், பட்டியலில் பத்தாவது சொல் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு தடவைதான் வரும். நூறாவது சொல், நூறில் ஒரு பங்கு.

இந்தக் கணக்குப்படி ஐயாயிரமாவது சொல், நூறாவது சொல்லைவிட ஐம்பது மடங்கு அரிது. முதல் வருடம் படித்த சொல் அன்று மாலையே ஏதாவதொரு அனிமேயில் காதில் விழும். மூன்றாம் வருடம் படித்த சொல் மறுபடி எதிர்ப்படவே மாதக்கணக்கில் ஆகலாம். உழைப்பு அதேதான். பலன் கண்ணில் படும் இடைவெளிதான் நீண்டுவிட்டது.

ஏமாற்றும் உள்ளுணர்வு

நம் நினைவாற்றலை எடைபோடுவதில் நாமே மோசமான நீதிபதிகள். உளவியலாளர்கள் ஜெஃப்ரி கார்ப்பிக், ஹென்றி ரோடிகர் இருவரும் கல்லூரி மாணவர்களுக்கு 40 ஸ்வாஹிலி சொற்களைக் கற்பித்து, 2008இல் 'சயின்ஸ்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். ஒரு சொல் ஒருமுறை நினைவுக்கு வந்த பிறகும் சிலரிடம் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். வேறு சிலர் அதை மீண்டும் படிக்க மட்டும் செய்தார்கள். ஒரு வாரம் கழித்து முதல் குழுவினருக்குச் சுமார் 80 விழுக்காடு நினைவிருந்தது. இரண்டாம் குழுவினருக்கு அதில் பாதிகூட இல்லை. ஆனால், 'உங்களுக்கு எவ்வளவு நினைவிருக்கும்?' என்று முன்கூட்டியே கேட்டபோது எல்லாக் குழுக்களும் கிட்டத்தட்ட ஒரே பதிலைத்தான் சொல்லியிருந்தன.

புத்தகத்தைப் புரட்டும்போது 'இது தெரியும்' என்று தோன்றுவது வேறு, புத்தகத்தை மூடிவிட்டு யோசிக்கும்போது நினைவுக்கு வருவது வேறு. மறக்கும் தறுவாயில் ஒரு சொல்லைச் சிரமப்பட்டு மீட்டெடுத்தால் அது ஆழமாகப் பதியும். இப்படி இடைவெளி விட்டு நினைவுகூரும் உத்தியை நம்பித்தான் டேமியன் எல்ம்ஸ், தான் ஜப்பானிய மொழி படிப்பதற்காக 'அங்கி' என்ற செயலியை 2006இல் உருவாக்கினார். இன்று மருத்துவ மாணவர்கள்வரை அதைப் பயன்படுத்துகிறார்கள். அங்கியில் தினமும் தடுமாறுகிறவர் தான் பின்தங்குவதாக நினைத்துக்கொள்கிறார். அந்தத் தடுமாற்றத்தில்தான் கற்றல் நடக்கிறது.

கான்ஜியில் வேறு கதை

கான்ஜி என்பவை சீன வழி எழுத்துகள். பொதுப் பயன்பாட்டுக்கென ஜப்பான் அரசு வரையறுத்தவை 2,136. முதல் நூறு வெறும் கோடுகளாகத்தான் தெரியும். போகப்போக உறுப்புகள் பிடிபடும். நீல நிறத்தைக் குறிக்கும் எழுத்துக்கு 'ஸேய்' என்றும் ஓர் ஒலி உண்டு. அதன் பக்கத்தில் நீர்க் குறி சேர்ந்தால் தூய்மை. சூரியக் குறி சேர்ந்தால் தெளிந்த வானம். அரிசிக் குறி சேர்ந்தால் தீட்டுதல். மூன்றுக்குமே 'ஸேய்' ஒலி உண்டு. இடப்பக்கம் பொருளுக்கு, வலப்பக்கம் ஒலிக்கு. எல்லா எழுத்துக்கும் இது பொருந்தாது என்றாலும், ஐந்நூறாவது எழுத்தைப் படிப்பவர் ஐம்பதாவதைப் படித்ததைவிடக் குறைவான புதுச் சுமையையே ஏற்றுகிறார். சொற்களில் ஓட்டம் குறைவதாகத் தோன்றும் அதே காலத்தில், எழுத்தில் ஓட்டம் கூடுகிறது.

குறைவாக உழைக்கும் மூளை

டோக்கியோ பல்கலைக்கழகத்தின் குனியோஷி ஸகாய் குழு 2021இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் தேக்க உணர்வுக்கு இன்னொரு கோணம் தருகிறது. ஐரோப்பாவிலிருந்து டோக்கியோவுக்கு வந்து, ஜப்பானிய மொழியை அடியிலிருந்து படித்த 15 இளைஞர்களை எம்.ஆர்.ஐ. கருவியில் படுக்கவைத்துத் தேர்வு நடத்தினார்கள். சில வாரங்கள் கழித்து மறுபடியும் சோதித்தார்கள். இரண்டாம் முறை கேட்டல் தேர்வில், இலக்கணத்தைக் கையாளும் இடது மூளைப் பகுதிகளின் செயல்பாடு குறைந்திருந்தது. மொழி பழகப் பழக, அதே வேலையை மூளை குறைந்த முயற்சியில் முடித்துவிடுகிறது. சிரமம் குறைவதை யாரும் சாதனையாகக் குறித்துவைப்பதில்லை. எஞ்சியிருக்கும் சிரமம்தான் மனதில் நிற்கிறது.

ஆக, முன்னேற்றத்தை உள்ளுணர்வால் அளக்க முடியாது. போன வருடம் திணறிய பக்கத்தை எடுத்து, இன்று எத்தனை சொற்களுக்கு அகராதி தேவைப்படுகிறது என்று எண்ணிப் பார்க்கலாம். பேசிப் பதிவுசெய்து, ஆறு மாதம் கழித்துக் கேட்டுப் பார்க்கலாம். ஜே.எல்.பி.டி.யில் பேச்சுத் தேர்வே கிடையாது என்பதால் இது இன்னும் அவசியம்.

மணிக்கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். ஆங்கிலம் பேசுபவர் அலுவல் தரத்துக்கு ஜப்பானிய மொழி கற்க 2,200 வகுப்பு மணி நேரம் ஆகும் என்பது அமெரிக்க வெளியுறவுத் துறைப் பயிற்சி நிலையத்தின் கணிப்பு. வாரம் 4 மணி நேரம், ஆண்டுக்கு 30 வாரம் என்று வைத்துக்கொண்டால், மூன்றாண்டுப் பட்டப்படிப்பு முடியும்போது நம் மாணவர் வகுப்பில் கழித்திருப்பது 360 மணி நேரம். ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. தமிழ் தரும் இலக்கணச் சலுகையையும் வீட்டுப் படிப்பையும் சேர்த்துக்கொண்டாலும், அந்த நேரத்துக்குள் என்3 வாசலில் நிற்பவர் தேங்கிப்போனவர் அல்ல. கொடுத்த நேரத்துக்கு வரவேண்டிய தூரம் வந்திருக்கிறார், அவ்வளவுதான்.