முடிவு தெரிந்த பிறகும் ஏன் காத்திருக்கிறார்கள்?

2007 ஜூலை 21, சனிக்கிழமை, காலை மணி 7.01. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் புத்தகக் கடைகள் வழக்கத்துக்கு மாறாக அதிகாலையிலேயே கதவைத் திறந்தன. வாசலில் பள்ளிப் பிள்ளைகள், கல்லூரி மாணவர்கள், பிள்ளையைக் கூட்டி வந்துவிட்டுத் தாங்களும் ஒரு பிரதி வாங்க நின்ற பெற்றோர் என நீண்ட வரிசை. அவர்கள் காத்திருந்தது ‘ஹாரி பாட்டர்’ மாயாஜாலப் புதினத் தொடரின் ஏழாவது, கடைசிப் புத்தகத்துக்காக.

அது என்ன 7.01? லண்டனில் அப்போது நள்ளிரவு தாண்டி ஒரு நிமிடம். எந்த நாட்டு வாசகரும் மற்றவருக்கு முன்னால் முடிவைப் படித்து வெளியே சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, பல நாடுகளில் ஒரே கணத்தில் விற்பனையைத் தொடங்கப் பதிப்பாளர்கள் ஏற்பாடு செய்திருந்தனர். அந்த நேரத்துக்கு முன்னால் பெட்டியைப் பிரிக்கக் கூடாது என்பது கடைகளுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை. அப்படியும் ரகசியம் முழுதாகத் தங்கவில்லை. யாரோ பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, வெளியீட்டுக்குச் சில நாள்களுக்கு முன்பே இணையத்தில் விட்டுவிட்டார்கள்.

இருந்தும் வரிசை குறையவில்லை. முதல் 24 மணி நேரத்தில் அமெரிக்காவில் மட்டும் 83 லட்சம் பிரதிகள் விற்றன. பிரிட்டனில் 26 லட்சத்துக்கும் மேல். முடிவு இணையத்தில் இலவசமாகக் கிடந்தபோது, இத்தனை பேர் காசு கொடுத்து வாங்கியது ஏன்? கடைசிப் புத்தகத்துக்காகக் காத்திருப்பவர்களைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவதே சரி.

பத்து ஆண்டுப் பழக்கம்

ஜே.கே. ரோலிங்கின் முதல் புத்தகம் வெளிவந்தது 1997 ஜூனில். கதையின் நாயகன் ஹாரிக்கு அதில் 11 வயது. ஒவ்வொரு புத்தகத்திலும் அவனுக்கு ஒரு வயது கூடியது. முதல் புத்தகத்தைப் பத்து வயதில் படித்த பிள்ளை, கடைசிப் புத்தகம் வந்தபோது இருபது வயது இளைஞர். ஆறாவது புத்தகம் 2005 ஜூலையில் வந்து, பள்ளித் தலைமையாசிரியர் டம்பிள்டோரை ஆசிரியர் ஸ்னேப் கொல்வதைச் சொல்லி முடிந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளும் வாசகர்களுக்கு இரண்டே கேள்விகள்: ஸ்னேப் உண்மையில் யார் பக்கம்? ஹாரி பிழைப்பானா? பழைய பாகங்களைத் திரும்பத் திரும்பப் படித்து, ஒரு சொல்லில் கூடத் துப்புத் தேடினார்கள். தெரியாதவர்கள் கூட இந்த வாதத்தில் நண்பர்களானார்கள்.

109 ரிங்கிட் 90 காசு

நம் நாட்டில் அந்த வெளியீட்டுக்கு இன்னொரு கதையும் உண்டு. மலேசியாவில் புத்தகத்தின் விலை 109 ரிங்கிட் 90 காசு. இரண்டு பெரிய பேரங்காடிகள் அதை 69 ரிங்கிட் 90 காசுக்கு விற்றன. நட்டத்துக்குத்தான் விற்கிறார்கள் என்று விநியோகிப்பாளரே பின்னர் சொன்னார். ஆத்திரமடைந்த நான்கு முன்னணிப் புத்தகக் கடை நிறுவனங்கள், கண்டனம் தெரிவித்து அந்தப் புத்தகத்தைத் தங்கள் அலமாரிகளிலிருந்தே எடுத்துவிட்டன. ஜூலை 24-ஆம் தேதிக்குள் விவகாரம் தணிந்து, அக்கடைகளும் தள்ளுபடியுடன் மீண்டும் விற்கத் தொடங்கின.

இரண்டு விலைக்கும் வித்தியாசம் 40 ரிங்கிட். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த 40 ரிங்கிட் என்னவென்று தெரியும். 69 ரிங்கிட்டும் எங்கள் வீட்டில் புத்தகத்துக்கான காசு இல்லை. அப்போது நான் தமிழ்ப்பள்ளி மாணவன். இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகுதான், பட்டணத்து நூலகத்தில் அந்தத் தொடரை இரவல் எடுத்துப் படிக்கத் தொடங்கினேன். பக்கத்தில் அகராதி இருக்கும். கடைசிப் புத்தகம் எப்போது கேட்டாலும் யாரோ எடுத்துப் போயிருப்பார்கள். உலகம் படித்து முடித்துச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. நான் மட்டும் இன்னும் காத்திருந்தேன்.

இதற்கிடையில் பள்ளிப் பேருந்தில் ஓர் அண்ணன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஸ்னேப் கெட்டவர் இல்லை என்பதையும் ஹாரி பிழைப்பதையும் அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. பின்பு ஒருநாள் புத்தகம் கைக்கு வந்தது. முதுகில் பசைநாடா ஒட்டியிருந்தது. ஸ்னேப்பின் கடந்தகாலம் விரியும் 33-ஆம் அத்தியாயத்தில், தெரிந்த விஷயத்தைப் படித்துக்கொண்டே அழுதேன். அண்ணன் சொன்னது செய்தி. அந்தச் செய்தி என்னை அழ வைக்கவில்லை. ஆறு புத்தகங்களில் அந்த ஆளை வெறுத்துப் பழகியிருந்ததுதான் அழ வைத்தது.

தேதியே இல்லாத காத்திருப்பு

ஹாரி பாட்டர் ரசிகர்களுக்கு ஒரு பாக்கியம் இருந்தது. 2007 பிப்ரவரியிலேயே தேதி அறிவிக்கப்பட்டுவிட்டது. நாள்காட்டியில் கட்டம் போட்டு எண்ணினால் போதும். ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் வாசகர்களுக்கு அதுவும் கிடையாது.

‘கேம் ஆஃப் திரோன்ஸ்’ தொலைக்காட்சித் தொடரைப் பார்த்தவர்கள் நம்மிடையே பலர் உண்டு. அதன் மூலக்கதையான ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ ஏழு பாகங்களாகத் திட்டமிடப்பட்டது. முதல் பாகம் 1996-இல் வந்தது. அதன் பின் 1998, 2000, 2005, 2011. ஐந்தோடு நின்றுவிட்டது. ஆறாவது பாகமான ‘தி விண்ட்ஸ் ஆஃப் விண்டர்’ இன்னும் வரவில்லை. கடைசிப் பாகமான ‘எ டிரீம் ஆஃப் ஸ்பிரிங்’ அதற்கும் பிறகு வர வேண்டும். 2016 ஜனவரியில் மார்ட்டின், தொலைக்காட்சித் தொடர் தம் புத்தகத்தை முந்தப் போகிறது என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். 2019 மே மாதம் தொலைக்காட்சித் தொடர் தன் வழியில் கதையை முடித்தும் விட்டது. வாசகர்கள் மட்டும் கலையவில்லை. ஒரு முடிவைப் பார்த்த பிறகும் புத்தகத்தைக் கேட்கிறார்கள்.

ஏன் இவ்வளவு தாமதம்?

சோம்பல் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் காரணம் பெரும்பாலும் கதையின் அமைப்பிலேயே இருக்கிறது. மார்ட்டின் முதலில் மூன்று பாகங்களுக்கே திட்டமிட்டார். எழுத எழுதக் கதை பெருகியது. ஒவ்வோர் அத்தியாயத்தையும் ஒரு பாத்திரத்தின் பார்வையில் சொல்வது அவர் முறை. பாத்திரங்கள் கூடக் கூட, ஒருவர் ஓர் ஊருக்கு எந்த நாளில் போய்ச் சேர்கிறார் என்பதை மாற்றினால் கூட மற்றவர்களின் அத்தியாயங்களையும் திருத்த வேண்டும். ஒரு கட்டத்தில் கதைக்குள் ஐந்து ஆண்டு இடைவெளி விட்டுத் தாண்டிவிட நினைத்தார். அது சரிப்படவில்லை என்று எழுதியதைக் கைவிட்டார். நான்காம் பாகம் அளவு மீறியதால் அதை இரண்டாகப் பிரித்தார்.

வீடு கட்டுபவரைப் போல முழு வரைபடத்தோடு தொடங்கும் எழுத்தாளர்கள் உண்டு. விதை போட்டு எப்படி வளர்கிறது என்று பார்க்கும் தோட்டக்காரரைப் போன்றவர்களும் உண்டு என்பார் மார்ட்டின். தம்மைத் தோட்டக்காரர் பக்கம் சேர்த்துக்கொள்கிறார். முதல் பாகங்களில் புதிய முடிச்சுகளைப் போட்டுக்கொண்டே போகலாம். கடைசிப் பாகங்களில்தான் ஒவ்வொன்றாக அவிழ்க்க வேண்டும்.

உயிர் நின்றுவிட்டால்?

இந்தக் காத்திருப்பில் ரசிகர்கள் வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் அச்சம் ஒன்று உண்டு. மார்ட்டின் பிறந்தது 1948-இல். அதே ஆண்டில் பிறந்த இன்னோர் எழுத்தாளர் ராபர்ட் ஜோர்டன். 1990-இல் ‘தி வீல் ஆஃப் டைம்’ தொடரைத் தொடங்கியவர், கடைசிப் பாகத்தை முடிக்காமலே 2007 செப்டம்பர் 16-இல் இதய நோயால் காலமானார். வயது 58. நோய் முற்றிய நாள்களிலும் கதை எப்படிப் போக வேண்டும் என்று குறிப்புகளாகவும் குரல் பதிவாகவும் சொல்லிவிட்டுப் போனார். அவருடைய மனைவியும் பதிப்பாசிரியருமான ஹேரியட் மெக்டூகல், அந்தத் தொடரைப் படித்தே வளர்ந்த பிராண்டன் சாண்டர்சன் என்ற இளம் எழுத்தாளரைத் தேர்ந்தெடுத்தார். ஒரு புத்தகம் என்று நினைத்தது மூன்றானது. கடைசி நூல் 2013 ஜனவரியில் வந்தது. ஒரு வாசகரே எழுத்தாளராகி முடித்துவைத்த தொடர் அது.

வாசகர் பக்கமும் உயிர் நிற்கலாம். ‘தி டார்க் டவர்’ தொடரை எழுதிய ஸ்டீபன் கிங், தமக்கு வந்த ஒரு கடிதத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். எழுதியவர் புற்றுநோயில் நாள் எண்ணிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி. கதையின் முடிவைச் சொல்லுங்கள், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று கேட்டிருந்தார். கிங்கால் சொல்ல முடியவில்லை. முடிவு அவருக்கே அப்போது தெரியாது. 1999-இல் கிங் வேன் மோதிப் பிழைத்த பிறகு, மீதமிருந்த மூன்று பாகங்களும் 2003, 2004 ஆண்டுகளில் அடுத்தடுத்து வந்தன.

கேட்க உரிமை உண்டா?

தொடரை முடிக்கும் பொறுப்பு மார்ட்டினுக்கு உண்டா என்று ஒரு வாசகர் கேட்டதற்கு, எழுத்தாளர் நீல் கெய்மன் 2009-இல் கொஞ்சம் கடுமையாகவே பதில் சொன்னார். ஒரு புத்தகத்தை வாங்கியதால் அடுத்த புத்தகத்துக்கு ஒப்பந்தம் போட்டதாக ஆகாது என்பது அதன் சாரம். நியாயம்தான். எழுத்தாளரின் வயதையும் உடம்பையும் கேலி செய்து அவசரப்படுத்துவது அழகல்ல. ஆனால் காத்திருப்பவரைப் பைத்தியம் என்று சிரிப்பதும் நியாயமில்லை. பத்து, இருபது ஆண்டுகள் மனத்தில் ஒருவரோடு வாழ்ந்துவிட்டு, அவர் என்ன ஆனார் என்று கேட்பது மனித இயல்பு.

உங்கள் வீட்டுப் பிள்ளை ஒரு தொடரின் கடைசிப் பாகத்துக்காக ஏங்கினால், இணையத்தில் முடிவைத் தேடிப் பார்த்துக்கொள் என்று மட்டும் சொல்லாதீர்கள். நூலகத்துக்கு அழைத்துப் போய் முன்பதிவுப் பட்டியலில் பெயரைச் சேர்த்துவிடுங்கள். முறை வரும்வரை முதல் பாகத்தை நீங்கள் எடுத்துப் படிக்கலாம். புத்தகம் வரும் நாளில், பேசுவதற்கு அந்தப் பிள்ளைக்கு வீட்டிலேயே ஓர் ஆள் இருக்கும்.